குன்னூர் வீட்டு வேலைக்கு வாங்கிய இரண்டடி கை டைல் கட்டர்

இரண்டடி நீளம் வரை வெட்டக்கூடிய, மின்சாரம் தேவைப்படாத கை டைல் கட்டர் ஒன்றை, குன்னூரில் உள்ள எங்கள் பழைய வீட்டின் குளியலறையையும் சமையலறைத் தரையையும் புதுப்பிப்பதற்காக வாங்கினோம். விலை மூவாயிரத்துச் சொச்சம். நான்கு அங்குல வைர பிளேடு பொருத்திய கட்டிங் மெஷின் கையில் இருக்கும்போது இது எதற்கு என்று எங்கள் டைல்ஸ் மேஸ்திரி முதலில் சலித்துக்கொண்டார். ஆனால் வேலை முடிவதற்குள் நேர்வெட்டுகள் அனைத்தையும் அவரே இதில்தான் வெட்டினார்.

உண்மையில் இந்தக் கருவி டைலை அறுப்பதில்லை. இரண்டு கம்பிகளின் மேல் நகரும் கைப்பிடியின் அடியில் உள்ள டங்ஸ்டன் கார்பைடு சக்கரம், பளபளப்பான மேற்பரப்பில் மெல்லிய கீறல் ஒன்றைப் போடுகிறது. பிறகு கைப்பிடியை அழுத்தினால், கீறலின் வழியே டைல் இரண்டாகப் பிளக்கிறது. கண்ணாடிக் கடையில் செய்வதும் இதே முறைதான். கீறலை ஒரே சீரான அழுத்தத்தில், ஒரே இழுப்பில் போட்டுவிட வேண்டும். போட்ட கோட்டின் மேலேயே மறுபடியும் இழுத்தால் பிளவு வழி தவறி, ஓரம் சில்லு சில்லாகப் பெயர்கிறது. நீரை நன்றாக உறிஞ்சும் சுவர் டைல் சிறிய அழுத்தத்துக்கே பிளந்துவிடுகிறது. நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்கும் குறைவான விட்ரிஃபைட் டைல் அழுத்தமான உடல் கொண்டது என்பதால், அதற்குக் கைப்பலம் சற்றுக் கூடுதலாக வேண்டும்; ஆனாலும் 600 மி.மீ. தரை டைல்களை இது ஏமாற்றாமல் பிளந்தது.

மலையில் இருப்பவர்களுக்கு உடையாமல் வெட்டுவது வெறும் நேர்த்தி சார்ந்த விஷயமன்று. குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் டைல், மேட்டுப்பாளையத்துக்கு மேல் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இங்கு வந்து சேர்வதற்குள்ளேயே சில பெட்டிகளில் மூலைகள் போய்விடுகின்றன. வெட்டும்போது மேலும் நான்கு உடைந்து, அதே பேட்ச் (ஒரே தடவையில் தயாரான சரக்கு) கடையில் தீர்ந்துபோயிருந்தால், அடுத்த பேட்சின் நிறம் சற்று மாறியிருக்கும். அந்த வேறுபாடு குழல்விளக்கு வெளிச்சத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

தூசி இல்லாமை இதன் இன்னொரு சிறப்பு. என் கணக்கில் இதுவே முதன்மையானது. மெஷினால் உலர்ந்த டைலை அறுக்கும்போது பறக்கும் மாவுத்தூளில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிகோசிஸ் நோய் வரலாம். மார்கழிக் குளிருக்குப் பயந்து சன்னல்களை அடைத்துவிட்டு உள்ளே அறுப்பது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. தண்ணீர் ஊற்றி அறுத்தால் தூசி அடங்கும் என்றாலும், ஈரத் தரையில் மின்கருவியைப் பிடித்து நிற்பது வேறோர் ஆபத்து. ஐப்பசி மழையில் மின்சாரம் போனபோதும் இந்தக் கருவி வேலையை நிறுத்தவில்லை.

குறைகளும் உண்டு. குழாய்க்கான வட்டத் துளை, மூலைக்கான எல் வடிவ வெட்டு ஆகியவை இதில் நடக்காது. அவற்றுக்கு மெஷின் வேண்டும். விரல் அகலத்துக்கும் குறைவான பட்டைகள் நேராகப் பிளப்பதில்லை. சொரசொரப்பான வழுக்காத டைலில் சக்கரம் தாவித் தாவி ஓடுவதால் கீறல் விட்டு விட்டு விழுகிறது. 600 மி.மீ. சதுர டைலின் மூலைவிட்டம் ஏறத்தாழ 849 மி.மீ. என்பதால், அதைக் குறுக்காக வெட்ட நினைப்பவர்கள் பெரிய அளவுக் கருவியைத்தான் வாங்க வேண்டும். எங்கள் வீட்டைப் போல எந்தச் சுவரும் மூலைமட்டத்துக்கு நிற்காத பழைய கட்டடங்களில் ஓரத்துண்டுகள் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் வரும். அப்போது டைலை நேராக நிறுத்தும் பக்கத் தடுப்பைக் கழற்றிவிட்டு, பென்சில் கோட்டைச் சக்கரத்துக்கு நேராக வைத்து வெட்டுவதே வழி.

தயாரிப்பாளர் கவனித்திருக்க வேண்டியது அளவுகோல். அதில் அச்சிட்ட பூச்சியம் சக்கரத்தின் கோட்டோடு பொருந்தாமல் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்ததால், அதை நம்பாமல் டேப் வைத்தே அளந்தோம். கம்பிகளின் முலாமும் மெலிதுதான். மூடுபனி இறங்கும் ஊரில் எண்ணெய் தடவாமல் வைத்தால் துரு பிடித்து, கைப்பிடி திக்கித் திக்கி நகர்கிறது. மாற்றுச் சக்கரத்தையும் கருவியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். நாங்கள் விசாரித்த உள்ளூர்க் கடைகளில் கருவி இருந்தது, சக்கரம் மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை.