அம்மாவுக்கு எழுபது: கிராண்ட் கேன்யனா, செடோனாவா, மானுமென்ட் வேலியா?

அப்பாவும் அம்மாவும் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸில் எங்களோடு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறார்கள். ஐப்பசியில் அம்மாவுக்கு 70 நிறைந்தது. அதற்கு எங்கேயாவது காரில் போய்வரலாம் என்று பேச்சு வந்ததுமே வீட்டில் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். என் கணவருக்குச் செடோனா. பிள்ளைகளுக்கு ஆன்டிலோப் கேன்யன். அப்பாவுக்கு மறுபடியும் கிராண்ட் கேன்யன். அம்மாவைக் கேட்டால், "எங்க போனாலும் சரிதான்ட்டி, ரொம்ப நடக்க வைக்காத" என்றாள்.

பல வருடமாக இந்தப் பக்கத்துச் சாலைகளில் வண்டி ஓட்டுகிறேன். எல்லா இடமும் அழகுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிறந்தநாளுக்குப் போவது என்றால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: காட்சிக்கும் கட்டிலுக்கும் எவ்வளவு தூரம்? இங்கே பாறையின் நிறமெல்லாம் வெயிலின் சாய்வில் இருக்கிறது. உச்சிவெயிலில் எந்தப் பாறையும் வெளிறிப்போய்க் கிடக்கும். விடிந்த முதல் ஒரு மணி நேரமும் இருட்டுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும்தான் அது சிவக்கும். அந்த இரண்டு மணி நேரத்திலும் பிறந்தநாள்காரர் காருக்குள் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அத்தனை மைல் போய் என்ன பயன்?

இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நான்கு வருடம் முன்பு அப்பா தனியாக வந்திருந்தபோது இரண்டே நாளில் மூன்று இடம் என்று திட்டம் போட்டேன். கிராண்ட் கேன்யனின் மேத்தர் பாயின்ட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் இருபது நிமிடம்கூடப் பாக்கி இல்லை. எதிரே தெரிந்த சிகரங்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்த அப்பாவை, "இருட்டுது, வாங்கப்பா" என்று தோளைத் தொட்டுக் கூட்டிவந்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. கார் வரைக்கும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

கிராண்ட் கேன்யன்

பீனிக்ஸிலிருந்து தெற்கு விளிம்புக்குச் சுமார் 230 மைல். ஐ-17 நெடுஞ்சாலையில் ஏறினால் மூன்றரை மணி நேரம். அந்தச் சாலையே பார்க்க வேண்டியது. 1,100 அடி உயரத்தில் கிளம்பி ஃபிளாக்ஸ்டாஃபில் 7,000 அடியைத் தொடுவோம். முதல் ஒரு மணி நேரம் கைகளைத் தூக்கி நிற்கும் சகுவாரோ கள்ளிகள், அப்புறம் குட்டை ஜூனிப்பர், கடைசியில் நெடுநெடுவென்று பைன் காடு. காது அடைக்கும், பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுங்கள்.

பள்ளத்தாக்கின் நீளம் 277 மைல், ஆழம் ஏறக்குறைய ஒரு மைல். எண்களால் அதைச் சொல்லிவிட முடியாது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அங்கே இன்னொரு ஈர்ப்பும் இருக்கிறது. 1880களில் இந்த இடத்தை ஆராய்ந்த புவியியலாளர் கிளாரன்ஸ் டட்டன், சிகரங்களுக்குக் கீழ்த்திசைக் கடவுள்களின் பெயர்களைச் சூட்டும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தார். விஷ்ணு டெம்பிள், பிரம்மா டெம்பிள், சிவா டெம்பிள் என்று மூன்று பேரும் எதிரே நிற்கிறார்கள். அடியில் ஆற்றை ஒட்டித் தெரியும் கறுத்த பாறைக்கும் விஷ்ணு பெயர்தான். அதன் வயது சுமார் 170 கோடி வருடம். அப்பா படித்துக்கொண்டிருந்தது இந்தப் பெயர்களைத்தான்.

விளிம்பை ஒட்டிய ரிம் டிரெயிலில் யாவப்பாய் மியூசியத்திலிருந்து விடுதிகள் இருக்கும் கிராமம் வரையுள்ள பகுதி சமதளம், தார் போட்டது. அதில் 'காலத்தின் பாதை' என்று குறியிட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 70 வயது அந்தப் பாதையில் ஒரு தலைமுடியின் கனம். பேரப்பிள்ளையோடு தாத்தா கைகோத்து நடக்க இதைவிட நல்ல பாதையை நான் பார்த்ததில்லை.

குறை, தங்கும் இடத்தில். விளிம்பிலேயே 1905ல் கட்டிய எல் டோவார் இருக்கிறது, தண்டர்பேர்ட், கச்சீனா, பிரைட் ஏஞ்சல் விடுதிகளும் இருக்கின்றன. ஆனால் ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு தெரியும் அறைகள் மிகக் குறைவு. 13 மாதம் முன்பே பதிவைத் திறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது காட்டுக்குள் இருக்கும் யாவப்பாய் லாட்ஜ், இல்லாவிட்டால் பூங்கா வாசலுக்கு வெளியே இருக்கும் டுசயான் ஊர். அங்கிருந்து விடியலைப் பார்க்க வேண்டும் என்றால் இருட்டில் எழுந்து, குளிரில் காரைத் துடைத்து, பார்க்கிங் தேடி நடக்க வேண்டும். சூரியன் விழுவதைப் பார்க்கச் சிறந்த ஹோப்பி பாயின்ட் இருக்கும் ஹெர்மிட் சாலையில் மார்ச் முதல் நவம்பர் வரை சொந்த வண்டி போகாது, ஷட்டில் பஸ்தான். இருட்டிய பிறகு திரும்பும் பஸ்ஸுக்கு நீள வரிசை நிற்கும். நடக்க முடியாதவர்களுக்கு வாசலிலேயே அனுமதிச் சீட்டு கேட்டு வாங்கினால் நம் வண்டியையே விடுவார்கள். பலருக்கு இது தெரியாது, கேளுங்கள்.

செடோனா

இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், அதுதான் பெரிய பலம். உயரம் 4,300 அடி சொச்சம், மூச்சு வாங்காது. ஊருக்குள் எங்கே அறை எடுத்தாலும் ஏதாவது ஒரு சிவப்புப் பாறை கண்ணில் படும். சைவச் சாப்பாட்டுக்கும் திண்டாட வேண்டாம். பாறைக்கு நடுவே 1956ல் கட்டிய ஹோலி கிராஸ் தேவாலயம், ஓக் கிரீக் ஓடையில் கால் நனைப்பது, மாலையில் ஏர்போர்ட் மேசா என்ற மேடு. ஒரு இரவு போதும்.

என் கணவரின் 40க்கு அங்கேதான் போனோம், மறக்க முடியாத நாள். ஆனால் வார இறுதியில் போக்குவரத்து நெரிசல் அந்தச் சின்ன ஊரை மூச்சுத் திணற வைக்கும். உள்ளே நுழையும் ரவுண்டானாக்களிலேயே பொழுது சாய்ந்துவிடும். கடைகளும் ஜீப்புகளும் கூட்டமும் சேர்ந்து, பாறையைப் பின்னணிப் படமாக ஆக்கிவிடுகின்றன. நண்பர்களோடு, புதிதாகக் கல்யாணமானவர்களோடு, கைக்குழந்தையோடு போக நல்ல இடம். வாழ்க்கையில் ஒரு தடவை இந்தப் பக்கம் வரும் ஒருவருக்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பேஜ், சயான், பிரைஸ்

பேஜ் ஊரில் பிள்ளைகள் கேட்ட ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறை இடுக்கு இருக்கிறது. நவஹோ பூர்வகுடி வழிகாட்டியோடுதான் உள்ளே போக முடியும். மேல் கேன்யன் தரையோடு தரையாக நடப்பது, கீழ் கேன்யனில் இரும்பு ஏணிகள். முழங்கால் வலி உள்ளவர்களோடு போனால் மேலேதான் பதிவு செய்ய வேண்டும். 1997 ஆகஸ்டில், எங்கேயோ தொலைவில் பெய்த மழை வெள்ளமாக வந்து கீழ் கேன்யனுக்குள் 11 பேரைக் கொண்டுபோனது. மழைக் காலத்தில் அவர்கள் டூரை ரத்து செய்தால் சண்டை போடாமல் திரும்பிவிடுங்கள். ஆறு லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்ட் போய்வர ஒன்றரை மைல் நடை, நிழல் குறைவு.

யூட்டா மாநிலத்தில் இருக்கும் சயான், பிரைஸ் தேசியப் பூங்காக்கள் பீனிக்ஸிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு மேல். லாஸ் வேகஸில் இறங்குபவர்களுக்குத்தான் சயான் பக்கம். நடக்கும் வயதில் பிள்ளைகள் இருந்தால் அதற்கு ஈடே இல்லை. எழுபதுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மானுமென்ட் வேலி

வெட்டவெளியில் பெரும் செம்பாறைகள் தனித்தனியாக நிற்கும் இடம். தூரம் அதிகம்: சுமார் 320 மைல், ஐந்தரை மணி நேரம். ஃபிளாக்ஸ்டாஃபில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, யுஎஸ்-89ல் கேமரன் என்ற இடத்தில் நிறுத்தலாம். 1916 முதல் அங்கே ஒரு வணிகக் கடை இருக்கிறது. நெய்த கம்பளங்களைப் பார்த்துக்கொண்டே கால் நீட்டிக்கொள்ளலாம். அப்புறம் யுஎஸ்-160ல் கயென்டா வரை ஒரே வெட்டவெளி, வழியில் பாதி நேரம் போனில் சிக்னல் இருக்காது.

இது தேசியப் பூங்கா அல்ல, நவஹோ மக்களின் நிலம். அவர்கள் தங்களைத் தினே என்று சொல்லிக்கொள்கிறார்கள். விதிகளும் அவர்களுடையவை: மது கிடையாது, டிரோன் கிடையாது, ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். கடிகாரமும் வேறு. அரிசோனா கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவஹோ நிலம் மாற்றுகிறது. அதனால் மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை பீனிக்ஸைவிட ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். பேஜ் ஊர் டூர்க்காரர்கள் மட்டும் அரிசோனா நேரத்தையே வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே நாளில் போட்டவர்கள் டூரைத் தவறவிட்ட கதைகள் ஏராளம்.

இவ்வளவு தூரத்தையும் மீறி நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அங்கே இருக்கும் வியூ ஹோட்டல். பள்ளத்தாக்கின் விளிம்பில் 2008ல் திறந்தது, மண் நிறத்தில் தாழ்வாகக் கட்டியது. எல்லா அறையும் கிழக்கே, கையுறை வடிவில் நிற்கும் மிட்டன் பாறைகளைப் பார்த்துத்தான் இருக்கிறது, எந்த அறை கிடைத்தாலும் ஏமாற்றம் இல்லை. வாடகை குறைவில்லை. அம்மாவின் பிறந்த தேதி சனிக்கிழமை வந்தது, இடம் இல்லை. நட்சத்திரம் செவ்வாய்க்கிழமை வந்தது, அறை இருந்தது. ஊரில் எப்போதும் நட்சத்திரத்துக்குத்தான் பாயசம் வைப்போம் என்பதால் அம்மாவுக்கும் அதுதான் பிறந்தநாள். நம்மவர்களுக்கு வருடத்தில் இரண்டு பிறந்தநாள், அதில் வார நாளில் வருவதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முந்தின மாலை போய்ச் சேர்ந்தோம். சூரியன் நமக்குப் பின்னால் இறங்க இறங்க எதிரே பாறைகள் பழுக்கக் காய்ச்சிய இரும்பு மாதிரி ஆயின. அம்மா வாசலுக்கு முன்னாலேயே குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி விரலில் தேய்த்துப் பார்த்தாள். அம்மா உடன்குடிப் பக்கத்துக்காரி. "நம்ம தேரி மண்ணு மாதிரில்லா இருக்கு" என்றாள். காற்றில் கூம்பு கூம்பாகக் குவிந்து கிடக்கும் எங்கள் ஊர்ச் செம்மண் தேரியைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். அப்பா அதை மோந்து பார்த்தார்.

மறுநாள் விடியும் முன் யாரும் யாரையும் எழுப்பவில்லை. கண் விழித்தபோது அம்மா பால்கனியில் நாற்காலி போட்டு, புடவைக்கு மேல் என் ஜெர்கினும் அதற்கு மேல் கட்டில் கம்பளியுமாக உட்கார்ந்திருந்தாள். பாறைகள் கறுப்பாக, அவற்றுக்குப் பின்னால் ஆரஞ்சு வானம். சின்னவள் போய்ப் பாட்டியின் கம்பளிக்குள் நுழைந்துகொண்டாள். அம்மா ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. காப்பியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பள்ளத்தாக்குக்குள் 17 மைல் மண் சாலை ஒன்று சுற்றிவருகிறது. குண்டும் குழியும். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பல மண் சாலையை அனுமதிப்பதில்லை, படித்துவிட்டு இறங்குங்கள். நவஹோ வழிகாட்டிகள் திறந்த வண்டியில் கூட்டிப்போகிறார்கள், ஆனால் முதுகுவலிக்காரர்களுக்கு அந்தக் குலுக்கல் ஆகாது. அப்பாவும் பிள்ளைகளும் போனார்கள், அம்மாவும் நானும் பால்கனியில் இருந்தோம்.

சாப்பாட்டில் கொஞ்சம் சிரமம். கட்டுச்சோறு கொண்டுபோனோம். மதியம் ஃபிரை பிரெட் வாங்கினோம், நம்ம பூரியைத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கி, தடிமனாகப் பொரித்தது. 1864ல் அமெரிக்க ராணுவம் இந்த மக்களை நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து நியூ மெக்சிகோவின் பாஸ்கே ரெடோண்டோவில் அடைத்தது. அங்கே ரேஷனில் கொடுத்த மாவையும் கொழுப்பையும் வைத்து அவர்கள் செய்த ரொட்டி இது என்று சொல்கிறார்கள். 1868ல் ஒப்பந்தம் போட்டு ஊர் திரும்பினார்கள். இதைச் சொன்னதும் அம்மா பிய்த்த துண்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். சைவக்காரர்கள் எண்ணெயா, பன்றிக் கொழுப்பா என்று கேட்டு வாங்குங்கள்.

செலவு

ஊரிலிருந்து வந்த பெற்றோரோடு போவதென்றால் இது முக்கியம். 2026 ஜனவரியிலிருந்து கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் உள்பட 11 தேசியப் பூங்காக்களில், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் 100 டாலர் கூடுதல் கட்டணம். அதற்குப் பதில் அவர்களுக்கான வருட பாஸ் 250 டாலர். இங்கே வசிக்கும் நாம் வைத்திருக்கும் 80 டாலர் வருட பாஸை நம்பி அவர்களைக் கூட்டிப்போய் வாசலில் திகைக்காதீர்கள். செடோனாவும் மானுமென்ட் வேலியும் இந்தக் கணக்கில் வராது. மானுமென்ட் வேலியில் ஆளுக்கு 8 டாலர்தான் நுழைவுக் கட்டணம். அறை வாடகையையும் சேர்த்துப் பார்த்தபோது எங்களுக்குக் கிராண்ட் கேன்யனும் மானுமென்ட் வேலியும் கிட்டத்தட்ட சமமாகத்தான் வந்தன.

ஆக, உட்கார்ந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு மானுமென்ட் வேலி, நடந்து படித்துப் பார்க்கிறவர்களுக்குக் கிராண்ட் கேன்யன், நேரம் ஒரு நாள்தான் என்றால் செடோனா.

தை மாதம் அப்பாவுக்கு 75. அவருக்குக் கிராண்ட் கேன்யன்தான், இந்தத் தடவை ஒரே இடம், இரண்டு இரவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஹெர்மிட் சாலையில் நம் காரே போகலாம், பனி கொட்டி மூடாத வரை. யாரோ ரத்து செய்த தண்டர்பேர்ட் அறை ஒன்று போன வாரம் இரவு பதினொரு மணிக்குக் கிடைத்தது. பள்ளத்தாக்குப் பக்கத்து ஜன்னல். அப்பாவிடம் சொன்னதும், பனியில் வழுக்காத ஷூ என்ன விலை இருக்கும் என்று கேட்டார்.