பேட்டரியா, ஆல்டர்னேட்டரா, வெறும் வயரா? எந்தச் சோதனையை நம்பலாம்

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது, தள்ளி ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது, மறுநாள் திரும்ப அதே கதை. உடனே ஒருவர் பேட்டரியை மாற்றச் சொல்வார், இன்னொருவர் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) போய்விட்டது என்பார். இரண்டுமே நன்றாக இருந்து, நடுவில் போகும் வயர் கெட்டிருந்தால்? பழைய வண்டிகளில் அதற்கு வாய்ப்பு அதிகம்.

முதலில் செய்யக்கூடாத சோதனை: இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது. ஆல்டர்னேட்டருக்கு முன்பிருந்த டைனமோ காலத்துப் பழக்கம் இது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இப்படிக் கழற்றினால் பாயும் மின்சாரத்துக்குத் திடீரெனப் போக இடமில்லாமல் வோல்டேஜ் எகிறும்; ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் டயோடு, வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர், வண்டியின் கம்ப்யூட்டர் எது வேண்டுமானாலும் போகலாம். வண்டி நிற்காமல் ஓடினாலும், ஆல்டர்னேட்டர் போதுமான அளவு சார்ஜ் தருகிறதா என்பது தெரியாது. கேடு நிறைய, தகவல் கொஞ்சம்.

டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு பரவாயில்லை, ஆனால் அரைகுறை சாட்சி. சாவியைத் திருப்பியதும் அது எரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பல பழைய வண்டிகளில் அந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு ஆரம்ப மின்சாரமே போகிறது. பல்பு ஃபியூஸானால் சார்ஜும் வராது, எச்சரிக்கையும் வராது!

மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துப் பார்ப்பது இவற்றைவிட எவ்வளவோ மேல். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சந்தேகப்படலாம். அப்படியே மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு ஒன்று போயிருக்கும். ஒரே குறை, 13.2 என்று காட்டினால் தப்பு எங்கே என்று இந்தச் சோதனை சொல்லாது.

அதைச் சொல்வது வோல்டேஜ் டிராப் சோதனை, அதாவது போகும் வழியில் எவ்வளவு வோல்ட் குறைகிறது என்று பார்ப்பது. மீட்டர் அதேதான், வைக்கும் இடம்தான் வேறு. இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் செய்து, ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய போல்ட்டிலும் இன்னொன்றை பேட்டரியின் பாசிட்டிவ் தூணிலும் வையுங்கள் (தூணைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் வேண்டாம், தூணிலேயே). 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அந்த வழியில் எங்கோ வயரோ இணைப்போ கெட்டிருக்கிறது. அடுத்து ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் நெகட்டிவ் தூணுக்கும் நடுவே பாருங்கள், 0.2-க்கு மேல் வந்தால் எர்த் பட்டையைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். மீட்டரை ஓமில் வைத்து வயரின் மின்தடையைப் பார்த்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது, ஏனென்றால் மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம், பாதி அறுந்த கேபிள்கூட அதற்கு நல்ல கேபிளாகத்தான் தெரியும். 0.02 ஓம் என்பதைச் சாதாரண மீட்டரால் ஒழுங்காகப் பிரித்துக் காட்டவே முடியாது, ஆனால் 40 ஆம்பியர் போகும்போது அங்கே 0.8 வோல்ட் காணாமல் போகிறது. ஆல்டர்னேட்டரில் 14.2, பேட்டரியில் 13.4! இது தெரியாமல் புது ஆல்டர்னேட்டர் போட்டாலும் அதே 13.4தான் வரும்.

வயரைச் சுற்றிக் கவ்வி டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் வசதி, எதையும் கழற்றாமல் ஆம்பியரைப் பார்த்துவிடலாம். வாங்கும்போது கவனம், மலிவானவற்றில் பல ஏசி மட்டுமே அளக்கும். வண்டியை அணைத்துவிட்டு ராத்திரியில் பேட்டரியைக் குடிப்பது எது என்று தேட இதுவும் உதவும், ஆனால் 50 மில்லி ஆம்பியர் மாதிரிச் சின்ன அளவுக்கு நல்ல கிளாம்ப் வேண்டும். இல்லையென்றால் மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து, பேட்டரிக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே தொடரில் போட்டு ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதுதான். மீட்டர் தொடரில் இருக்கும்போது மறந்துபோய் செல்ஃப் அடித்துவிடாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும்.

ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டின் தளர்ச்சியைச் சொல்ல விட்டுவிட்டேன். மீட்டரை எடுப்பதற்கு முன்பே விரலால் அழுத்திப் பார்த்துவிடுங்கள், இன்ஜினை அணைத்துவிட்டு.