தாத்தாவின் .22: துடைத்து வைப்பதா, புதுசாக்குவதா?

ஒன்றரை வருடம் கழித்துக் கைக்கு வந்தபோது அந்த ரைஃபிள் மழையில் மறந்துவிட்ட குடைக்கம்பி மாதிரி இருந்தது. லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க முடியாது, போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும் என்பதால், தாத்தாவுக்குப் பிறகு லைசென்ஸ் வைத்திருந்த அப்பா இறந்த கையோடு ஒரு கடையில் டெபாசிட் செய்துவிட்டோம். அத்தைகளும் சித்தப்பாவும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்து, பெங்களூரு கமிஷனர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து என் பெயரில் லைசென்ஸ் வாங்கும்வரை, இரண்டு மழைக்காலம் அது அங்கேதான் கிடந்தது. அதுவும் தாத்தா தைத்து வைத்திருந்த தோல் உறைக்குள். தோல் உறை பார்க்க அழகு, ஆனால் துப்பாக்கியை அதில் போட்டு வைப்பது ஈரத் துண்டில் சுற்றி வைப்பதற்குச் சமம். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பதனிடப் போட்ட உப்பும் அமிலமும் வேறு சேர்ந்து இரும்பை அரிக்கும்.

துப்பாக்கி என்னவென்று சொல்லிவிடுகிறேன். பிர்னோ மாடல் 2, செக்கோஸ்லோவாகியாவில் செய்தது, .22 என்பது அங்குலக் கணக்கில் குழலின் விட்டம், கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன், ஐந்து தோட்டா மேகசின். பேரலில், அதாவது குழலில், சிங்க முத்திரையும் பக்கத்தில் 58 என்ற வருடமும் இருக்கும். தாத்தா கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு, கிருஷ்ணகிரிப் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கியபோது பயிர்ப் பாதுகாப்புக்கென்று எடுத்தது.

இப்போது என் முன்னால் இரண்டு வழி. ஒன்று, துருவை நிறுத்தி, அழுக்கை எடுத்து, எண்ணெய் போட்டு உள்ளபடியே வைத்துக்கொள்வது. இன்னொன்று, லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரிடம் கொடுத்து, பாலிஷ் போட்டு, மறுபடி ப்ளூ பண்ணி, அதாவது இரும்புக்குக் கருநீல மெருகு ஏற்றி, பிடிக்கும் மரக்கட்டையையும் உரசிப் புதுசாக்குவது. பெரியப்பா மகன், ஓசூரில் இருக்கும் அண்ணன், தன் பங்குக்கு வந்த பழைய இங்கிலாந்துத் தயாரிப்பான பி.எஸ்.ஏ. .22-ஐ இரண்டாவது வழியில் அனுப்பியவர். "கொண்டா தம்பி, நானே குடுத்து வாங்கித் தரேன், கண்ணாடி மாதிரி வந்துடும்" என்றார். வந்ததும் உண்மைதான், கண்ணாடி மாதிரியேதான் வந்திருந்தது. நான் முதல் வழிக்குப் போனேன், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

செலவு, நேரம் பற்றி நீட்ட வேண்டாம். துடைப்பது மலிவு, நீங்களே செய்யலாம், நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போகும். புதுப்பிப்பது பல மடங்கு செலவு, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கடைக்கு வேறு லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் துப்பாக்கி ரிப்பேர் என்பது யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிச் செய்யும் தொழில் இல்லை. பார்வைக்குப் புதுப்பித்தது ஜெயிக்கும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என்னை நிறுத்தியது பேரலில் வெட்டியிருக்கும் எழுத்தும் எண்ணும்.

ப்ளூயிங் என்பது பெயின்ட் இல்லை. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை 140 டிகிரி சுமாருக்குச் சூடாக்கி அதில் முக்கி எடுக்கும்போது இரும்பின் மேல்தோலே கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. அந்தத் தோல் ரொம்ப மெல்லிசு, அடியில் இருக்கும் எதையும் அது மறைக்காது. துரு தின்ற குழி ஒன்று இருந்தால் ப்ளூ போட்ட பிறகு அது இன்னும் பளிச்சென்று தெரியும். அதனால் ரிப்பேர்காரர் என்ன செய்வார், குழியை நிரப்ப முடியாது என்பதால், குழியின் அடிமட்டத்துக்குச் சுற்றியுள்ள இரும்பை எல்லாம் இறக்குவார், பஃபிங் என்கிற மெருகேற்றும் சக்கரத்தில் வைத்து. குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு இரும்பு போகும். அந்த இரும்பில்தான் தயாரித்த ஆலையின் பெயர் இருக்கிறது, சிங்க முத்திரை இருக்கிறது, 58 இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக லைசென்ஸ் புத்தகத்தில் ஏறியிருக்கும் எண் இருக்கிறது.

அண்ணன் துப்பாக்கியில் பி.எஸ்.ஏ.க்கே அடையாளமான, மூன்று ரைஃபிளைக் கூம்பாகச் சாய்த்து வைத்த முத்திரை உண்டு. பாலிஷுக்குப் பிறகு அது மூன்று ரைஃபிளா, மூன்று தென்னங்குச்சியா என்று சொல்ல முடியாது. அதுகூடப் போகட்டும். எண்ணில் ஒரு 3 இருக்கிறது, இப்போது அதை 8 என்றும் படிக்கலாம். லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் துப்பாக்கியைச் சரிபார்த்தவர் டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து, பழைய காகிதத்தையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் கடைக்காரர் கொடுத்த ரசீதைக் கேட்டிருக்கிறார். நல்லவேளை, அண்ணன் வைத்திருந்தார்.

இதை நான் பெரிதாக்குவதாக நினைக்க வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 8-வது பிரிவு, துப்பாக்கியில் வெட்டியிருக்கும் பெயர், எண், அடையாளம் எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. அதோடு விடவில்லை. எண் அழிந்த துப்பாக்கி உங்கள் கையில் இருந்தால், அழித்தவர் நீங்கள்தான் என்றே எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பாலிஷ் போட்டபோது தேய்ந்துவிட்டது ஐயா என்று யாரிடம் போய்ச் சொல்வது?

விற்கிற நாள் வந்தாலும் இதே கதைதான். தனியாள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே ஏறக்குறைய நின்றுபோனது. அதனால் அதற்கு முன்னால் உள்ளே வந்த பிர்னோ, பி.எஸ்.ஏ. எல்லாம் இருக்கிற வரைக்கும்தான். வாங்க வருபவர் முதலில் திருப்பிப் பார்ப்பது முத்திரைகளைத்தான், அப்புறம் விளிம்புகளை. பஃபிங் சக்கரத்தில் போய் வந்த துப்பாக்கியில் கூர் விளிம்புகள் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருக்கும், திருகு துளைகளின் வாய் அகன்று தட்டு மாதிரி ஆகியிருக்கும். எனக்கு விற்கும் எண்ணம் இல்லை, ஆனால் என் மகளுக்கு நாளைக்கு இருக்கலாமே.

சரி, நான் என்ன செய்தேன். காலேஜில் என்.சி.சி.யில் .22 டீலக்ஸ் ரைஃபிள் துடைத்த கைதான், குழலுக்குள் கயிற்றில் துணி கட்டி இழுக்கும் புல்த்ரூவும், சிந்தி என்கிற துண்டுத் துணியும் பழக்கம். முதலில் மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகுதான் மற்ற எல்லாம். போல்ட்டை வெளியே எடுத்துவிட்டால் பின்பக்கமிருந்தே துடைக்கும் ராடு விடலாம், அப்படித்தான் விட வேண்டும். வாய்ப்பக்கமிருந்து ராடு விட்டுவிட்டு இழுத்தால் குழல் வாயின் விளிம்பு ஒரு பக்கமாகத் தேயும், குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான், அங்கே கோணினால் குறி கோணும்.

குழலுக்குள் எண்ணெய்க்கு முன்னால் வெந்நீர்த் துணி விட்டேன். பழங்காலத் தோட்டாக்களின் பற்றுமருந்தில், அதாவது ஊசி அடித்ததும் முதலில் தீப்பிடிக்கும் மருந்தில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது, சுட்டபின் அது ஒரு உப்பாகக் குழலில் தங்கி ஈரத்தை இழுக்கும், உப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. தாத்தா எந்தக் காலத்துத் தோட்டாவெல்லாம் போட்டாரோ. அப்புறம் வெண்கலப் பிரஷ், கரைப்பான், துணி, மறுபடி துணி. ஈயம் செதில் செதிலாக வந்தது. ஆறாவது நாள்தான் துணி சாம்பல் நிறத்துக்கு இறங்கியது.

வெளியில் துருவுக்கு எண்ணெய் தடவி ஒரு இரவு விட்டு, மெல்லிய வெண்கலப் பஞ்சால் உருட்டி எடுத்தேன், அழுத்தாமல். எஃகுப் பஞ்சு என்றால் நாலு பூஜ்யம் போட்ட மிக நைசான ரகம், பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் கிடைத்தது, அதையும் எண்ணெயோடுதான். எழுத்து இருக்கும் இடங்களில் பஞ்சுகூட வேண்டாம் என்று மூங்கில் பல்குச்சியால் சுரண்டினேன். மனைவி பார்த்துவிட்டு, "வெண்டைக்காய் நறுக்கச் சொன்னா இந்தப் பொறுமை எங்க போகுது?" என்றாள்.

விசையைச் சுற்றியிருக்கும் வளையமான ட்ரிகர் கார்டும் சில சின்னப் பாகங்களும் செந்துருவாகவே இருந்தன. அவற்றை எண்ணெய்ப் பசை போகக் கழுவி, டிஸ்டில்ட் வாட்டரில் அரைமணி கொதிக்க வைத்தேன். செந்துரு கொதிநீரில் கறுப்பு ஆக்சைடாக மாறிவிடும், அதாவது துருவே ப்ளூயிங் ஆகிவிடுகிறது. மேலே நிற்கும் கரியைப் பஞ்சால் தட்டிவிட்டால் அடியில் சாந்தமான கறுப்பு. பழைய ஆட்கள் ப்ளூ பண்ணிய முறையும் ஏறத்தாழ இதுதான், வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்துக் கொதிக்க வைப்பார்கள். வீட்டில் ஒரு பழைய இட்லிப் பானை இதற்காகத் தியாகம் செய்யப்பட்டது. முழுப் பேரலுக்கு நான் இதைச் செய்யவில்லை, அவ்வளவு நீளத் தொட்டி இல்லை, அதனால் பேரலில் எப்படி வரும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. குளிர்ப் ப்ளூ எனப்படும் பாட்டில் திரவத்தை ஒரே ஒரு திருகில் போட்டுப் பார்த்தேன், கறுப்பு வந்தது, இரண்டு மாதத்தில் பழுப்பானது. நான் சரியாகத் துடைக்காமல் போட்டிருக்கலாம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

போல்ட் ஏன் அப்படிச் சண்டித்தனம் செய்தது என்பதும் கழற்றியபோதுதான் தெரிந்தது. தாத்தா தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி சுமாருக்குக் கீழே உறைந்துவிடும், பெங்களூரு டிசம்பர் காலையில் அது எண்ணெயே இல்லை, வெண்ணெய். போதாததற்குப் பிசுபிசுத்துப்போய்த் தூசியைப் பிடித்து வைத்திருந்தது. அதையெல்லாம் எடுத்துவிட்டுத் துப்பாக்கி எண்ணெய் ஒரு சொட்டு போட்டதும் போல்ட் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

இரண்டு வழியிலும் சரியாகாத ஒன்று உண்டு. .22 ரிம்ஃபயர், அதாவது பற்றுமருந்து தோட்டாவின் அடி விளிம்புக்குள் இருக்கிறது, ஊசி அடிப்பது அந்த விளிம்பைத்தான். தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால் ஊசி நேராகக் குழல் அறையின் விளிம்பில் போய் அடிக்கலாம். சின்ன வயதில் கோடை விடுமுறைக்குப் போனபோது நானும் அந்த ஓசூர் அண்ணனும் திண்ணையில் உட்கார்ந்து டிக் டிக் என்று எத்தனை நூறு தடவை அடித்திருப்போம். அறை விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம், உள்பக்கம் பிதுங்கி, காலி உறை வெளியே வர மறுத்தது. அதை நான் தொடவில்லை. ரிப்பேர்காரர் அதற்கென்று உள்ள கருவியால் பிதுங்கலை நீவிக் கொடுத்தார், அரைமணி வேலை. வேறு எதையும் தொட வேண்டாம் என்று பக்கத்திலேயே நின்றேன்.

கட்டை விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் இல்லை. மரம் வால்நட். உரசித் தள்ளினால் மரம் இரும்பைவிடத் தாழ்ந்துபோய், பொருத்துகளில் படி தட்டும், பிடியில் வெட்டிய கட்டம் மழுங்கும், அதனால் உப்புத்தாள் வேண்டாம் என்றேன். ஆனால் நசுங்கின இடங்களை ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டி வைத்து ஆவியில் எழுப்பினேன், ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன், கிரிக்கெட் பேட்டுக்குப் போடுவார்களே, அதே பாட்டில், விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியது. அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும், விரித்துக் காயப்போட்டு அப்புறம் எறியுங்கள்.

புதுப்பித்த துப்பாக்கிக்கு ஒரு நியாயம் சொல்லியே ஆக வேண்டும், பராமரிப்பில் அது சுலபம். அண்ணன் மாதம் ஒரு தடவை துடைத்தால் போதும் என்கிறார், என்னுடையதில் ப்ளூ பாதி போய்ப் பழுப்பாக இருக்கிறது, ஜூன் முதல் நவம்பர் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை எண்ணெய்த் துணி போடாவிட்டால் விரல்ரேகை பட்ட இடத்தில் செம்பொடி பூக்கிறது. தேர்தல் வந்தால் வேறு, லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், 2024-இல் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் பார்க்கவே முடியவில்லை. கெட்டியான கிரீஸ் பூசி, துணி உறையில் சிலிக்கா ஜெல் போட்டுக் கொடுத்ததால் தப்பித்தது. யாராவது முன்பே பாலிஷ் போட்டு முத்திரையைக் கரைத்துவிட்ட துப்பாக்கி உங்களுக்கு வந்திருந்தால், காப்பாற்ற அங்கே ஒன்றும் இல்லை, தாராளமாக ப்ளூ பண்ணிக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் முதலில் போட்டோ எடுத்து, அந்தப் பக்கம் சக்கரம் படக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

அண்ணன் போன மாதம் வந்திருந்தார். என் பிர்னோவைக் கையில் வாங்கித் திருப்பி, எண்ணைப் படித்தார், கண்ணாடி போடாமலே. ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, மீதி வெண்கலப் பஞ்சு இருந்தால் கொடு என்று வாங்கிக்கொண்டு போனார்.