வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் மருந்து வைத்திருக்கும் வண்டியில் இந்த மூக்குக் குழாயும் இருக்கட்டும்

கேப்னோகிராஃபி (வெளிவரும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடை அளப்பது) மூக்குக் குழாய் வாங்கலாமா என்று கேட்ட ஆம்புலன்ஸ் நண்பர்களுக்கு: வாங்குங்கள். பார்க்கச் சாதாரண ஆக்ஸிஜன் குழாய் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஆக்ஸிஜன் கொடுத்துக்கொண்டே, வெளிவரும் மூச்சில் கொஞ்சத்தை இழுத்து மானிட்டருக்கு அனுப்பும். ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஒரு மேடு, பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு, வழக்கமாக 35 முதல் 45 mmHg.

விரலில் மாட்டி ரத்த ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் கருவி போதாதா என்றால், போதாது. ஆக்ஸிஜன் ஓடும்போது மூச்சே நின்றாலும் விரலில் 98 என்று கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டிருக்கும். சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக் லிஃப்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். மிடாசோலம் போட்டு வலிப்பு நின்றுவிட்டது, ஸ்ட்ரெச்சரை நீட்டிவைக்க இடமில்லாமல் தலைப்பக்கத்தை நிமிர்த்தினோம், அவர் தாடை நெஞ்சில் சாய்ந்தது, அலை தட்டையாகிவிட்டது, விரல் எண் மட்டும் அசையவே இல்லை. தாடையைத் தூக்கிப் பிடித்தோம், மேடு திரும்ப வந்தது.

இன்னொன்று, இது இருந்தால் மருந்தை முழு அளவில் கொடுக்கத் தைரியம் வரும். மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்து பாதி அளவு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. நிற்காத வலிப்பே மூச்சைக் கெடுக்கும். 2012இல் வந்த ராம்பார்ட் ஆய்வில் 40 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்குத் தசையில் 10 மி.கி. மிடாசோலம் போட்டார்கள். மருத்துவமனை சேரும்போது 73 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்றிருந்தது, லோராசெபாம் என்ற இன்னொரு வலிப்பு மருந்தை ரத்தக் குழாயில் போட்டவர்களில் 63 சதவீதம். மூச்சுக்குழாயில் டியூப் போடவேண்டி வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 14 சதவீதம்தான்.

குறைகளும் உண்டு. எச்சில் ஏறினால் மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். வாயால் மூச்சு விடுபவருக்கு வாய்ப்பக்கமும் துளை உள்ள வகைதான் சரிப்படும். ஒருவருக்கு ஒன்று என்பதால் செலவு ஏறும். அப்புறம், ஆம்பூல் (மருந்துக் குப்பி) குழப்பத்தை இது தீர்க்காது: 5 மி.லி.யில் 5 மி.கி. உள்ளதும் 3 மி.லி.யில் 15 மி.கி. உள்ளதும் ஒரே பையில் கிடந்தால், எந்த மானிட்டரும் காப்பாற்றாது. இரண்டு பேர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே ஊசியில் ஏற்றுங்கள், முக்கியமாக மது அல்லது ஓபியாய்டு (அபின் வகை மருந்து) எடுத்தவருக்கு. கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வாங்கும்முன் உங்கள் மானிட்டரில் இதன் முனை பொருந்துமா என்று பாருங்கள், குழந்தைகள் அளவையும் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள்.