நெல்லி ஒட்டுக்கன்று வாங்குகிறவர்களே, டேப்பை அவிழ்த்துப் பாருங்கள்

வாழப்பாடி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. திரிபலா சூரணத்துக்குக் காய் வாங்கும் நாட்டு மருந்துக்கடைக்காரர் ஒருவர் பழக்கம் என்பதால் நெல்லி வைக்க முடிவு செய்தேன். போன வருஷம் ஆடியில், ஏற்காடு அடிவாரத்தில் ஒரு நர்சரியில் 60 ஒட்டுக்கன்று எடுத்தேன். ஒட்டுக்கன்று என்றால், விதையில் முளைத்த செடியின் தண்டில் நல்ல ரக மரத்தின் குச்சியையோ மொட்டையோ ஒட்டவைத்து, அந்த இடத்தில் டேப் சுற்றி வளர்த்தது. ஒன்று 110 ரூபாய், மொத்தம் 6,600.

"எல்லாம் என்.ஏ. 7 ஒட்டுங்கண்ணா, மூணாம் வருஷம் காய் பாப்பீங்க. டேப்பை மட்டும் அவுத்துடாதீங்க, ஒட்டு பிரிஞ்சுரும்" என்றார் நர்சரிக்காரர். என்.ஏ. 7 என்பது நெல்லியில் ஒரு ரகம். அந்தக் கடைசிப் பேச்சில்தான் ஏமாந்தேன்.

இந்த ஆனியில் ஒரு கன்றில் டேப் தண்டை இறுக்கி, அதற்கு மேலே புடைத்துக்கொண்டு நின்றது. பண்ணையில் ஒட்டுக்கட்டிப் பழகிய பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் பிளேடால் டேப்பைக் கீறி எடுத்தார். உள்ளே வெளுத்த பட்டை, கீழிருந்து மேல்வரை விடாமல் ஓடியது. வெட்டுத் தழும்பே இல்லை. "தம்பி, இதுல கத்தியே படல. விதைக்கன்னுக்கு டேப்பைச் சுத்திக் குடுத்திருக்கான்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் அத்தனையையும் பார்த்துவிட்டோம். 41 வெறும் விதைக்கன்று. 12-ல் ஒட்டுக்குச்சி கருகிப்போய், ஒட்டுக்குக் கீழே கிளம்பிய துளிர்தான் செடியாகி நின்றது. உண்மையான ஒட்டு 7. எனக்கு வயிறு எரிந்தது. விதைக்கன்று காய்க்கப் பல வருஷம் ஆகும், காய் தாய்மரம் போல இருக்கும் என்ற உறுதியும் கிடையாது.

இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தண்டைத்தான் பார்க்க வேண்டும். இளந்தண்டு ஒட்டில் வேர்ச்செடியின், அதாவது அடியில் இருக்கும் விதைச்செடியின், தலையை வெட்டிப் பிளந்து, ஆப்பு போலச் சீவிய குச்சியைச் செருகிக் கட்டுவார்கள். அந்த 'வி' தழும்பு கூடின பிறகும் தெரியும். குச்சிக்குப் பதிலாகப் பட்டையோடு எடுத்த மொட்டை ஒட்டிக் கட்டியது என்றால் பக்கவாட்டில் பட்டைத் துண்டு ஒட்டின அடையாளம் இருக்கும். கூடிய ஒட்டுக்கு டேப் தேவையே இல்லை, விட்டுவைத்தால்தான் தண்டை அறுக்கும். அதனால் கடையிலேயே நாலைந்து கன்றில் அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். போத்து (வெட்டி நடும் கிளைத்துண்டு) வைத்து வளர்த்தது என்று சொன்னாலும் நம்பாதீர்கள். முருங்கை மாதிரி நெல்லிப் போத்து லேசில் வேர் விடாது.

நர்சரிக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டேன். "உங்க பராமரிப்பு சரியில்ல" என்றார். கையில் இருந்தது துண்டுச்சீட்டுதான், பில் இல்லை. ரகத்தின் பெயர் எழுதிய பில்லை அன்றே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கருமந்துறை அரசு தோட்டக்கலைப் பண்ணையிலும் முதலில் விசாரித்திருக்க வேண்டும்.

விதைக்கன்றுகளைப் பிடுங்க மனசு வரவில்லை. பெரியவர் சொன்னபடி தலையை அறுத்துவிட்டு, புதுத் துளிர் பென்சில் கனம் வந்ததும் அதிலேயே நல்ல ரக மொட்டை ஒட்டிக் கட்டப்போகிறோம். முதலில் 10 கன்றை அறுத்தோம். 8-ல் துளிர் வந்திருக்கிறது.