பிக்கரல் பொதியும் ஸாண்டர் பொதியும்: தோலோடு வாங்குங்கள்

போன கிழமை ஸ்காபரோவில் நான் வழக்கமாகப் போகும் மீன்கடையின் குளிர்பெட்டியில் இரண்டு பொதிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டின் முன்பக்கத்திலும் பெரிய எழுத்தில் ‘பிக்கரல்’. இரண்டும் 400 கிராம், தோலோடு வெட்டிய பிலே, அதாவது நடுமுள்ளிலிருந்து பிரித்தெடுத்த சதைத்துண்டு. ஒன்று 15 டொலர், மற்றது 11. வேறு மீனென்றால் மலிவானதைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். பிக்கரல் என்றபடியால் இரண்டையும் திருப்பிப் பார்த்தேன். 15 டொலர் பொதியின் பின்னால் ‘சாண்டர் விட்ரியஸ், ஈரி ஏரி, கனடா’ என்று இருந்தது. 11 டொலர் பொதியில் அதைவிடச் சின்ன எழுத்தில் ‘சாண்டர் லூசியோபெர்கா, கசக்ஸ்தான்’.

முதலாவதுதான் நம்முடைய பிக்கரல், அமெரிக்கர்கள் வோல்ஐ என்று சொல்லும் மீன். இரண்டாவது ஐரோப்பாவின் ஸாண்டர். இரண்டும் ‘சாண்டர்’ என்ற ஒரே பேரினம், அதனால்தான் இரண்டு பொதியிலும் முதல் சொல் அது. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் இரண்டு மீன். இரண்டையும் தூண்டிலில் பிடித்திருக்கிறேன், இரண்டையும் வருடக்கணக்காகச் சாப்பிட்டிருக்கிறேன். அதனால் இரண்டு பொதியையும் வாங்கி ஒரே நாளில் ஒரே சட்டியில் சமைத்துப் பார்த்தோம்.

கனடாவுக்கு வருவதற்கு முன் 14 வருடம் ஜேர்மனியில் டோர்ட்முண்டில் இருந்தேன். அங்கே தூண்டில் போடுவதற்கே பரீட்சை எழுத வேண்டும். மீன் படங்களைக் காட்டிப் பெயர் கேட்பார்கள், தடியைச் சரியான சாமான்களோடு பூட்டிக் காட்டச் சொல்வார்கள். அதில் பாஸ் பண்ணிய வருடமே டோர்ட்முண்ட்–எம்ஸ் கால்வாயில் என் முதல் ஸாண்டரைப் பிடித்தேன். கல் அடுக்கிய கரை, பொழுது இருளுகிற நேரம். றப்பர் மீனை அடித்தரையில் தட்டித் தட்டி இழுத்துக்கொண்டே வர வேண்டும். ஸாண்டர் கடித்தால் பெரிய இழுவை எதுவும் வராது. விரல் நுனியில் ‘டொக்’ என்று ஒரு தட்டு, அவ்வளவுதான். அந்தத் தட்டுக்குச் சுண்டாவிட்டால் மீன் போய்விடும்.

அங்கே ஏப்ரல், மே மாதங்களில் ஸாண்டர் பிடிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஆண் மீன் அடியில் கூட்டைத் துப்புரவாக்கி, முட்டைக்குக் காவல் இருக்கும். கிட்டப் போகிற எதையும் கடிக்கும். அதைத் தூக்கிவிட்டால் கூடு முழுவதும் மற்ற மீன்களுக்குத் தீனி. பிக்கரலிடம் இந்தக் காவல் கிடையாது. கல்லும் பரலும் உள்ள இடத்தில் முட்டையைத் தூவிவிட்டுப் போய்விடும். இவ்வளவு ஒற்றுமையான இரண்டு மீன் குஞ்சு வளர்ப்பில் இப்படிப் பிரிந்து போனது எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான்.

இங்கே வந்த பிறகு குவின்ரி குடாவுக்குப் போய்ப் பிக்கரல் பிடித்தேன். கடி அதே மாதிரி, நேரமும் அதேதான், மங்கல் வெளிச்சம். இரண்டு மீனுக்கும் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அடிக்கும் படலம் இருக்கிறது, ரோர்ச் அடித்தால் பூனைக்கண் போல மின்னும். விட்ரியஸ் என்றால் கண்ணாடி போன்றது. அந்தக் கண்ணை வைத்துத்தான் பெயரே வைத்திருக்கிறார்கள்.

முழு மீன் கையில் இருந்தால் குழப்பமே வராது. முதலில் வாலைப் பாருங்கள். பிக்கரலின் வாலில் கீழ் நுனி பால் வெள்ளை, சுண்ணாம்பில் தோய்த்து எடுத்த மாதிரி. ஸாண்டருக்கு அது இல்லை. அடுத்தது முதுகில் முன்னால் இருக்கிற முள்துடுப்பு. அதை விரித்துப் பிடித்தால் பிக்கரலில் பின் மூலையில் ஒரு கறுப்புத் திட்டு தெரியும். ஸாண்டரில் துடுப்பு முழுவதும் சின்னக் கறுப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக ஓடும். பிக்கரலின் உடம்பில் ஒலிவ் பச்சையும் பொன்னும் கலந்திருக்கும். கியூபெக்கில் இதைப் ‘பொன்னிறத்தான்’ என்று பொருள்படும் டோரே என்ற பெயரில் கூப்பிடுவது அதனால்தான். ஸாண்டர் சாம்பல் பச்சை, பக்கங்களில் மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகள்.

சிக்கல் பிலேயில்தான். தோலை உரித்துவிட்டால் இரண்டும் ஒரே வெள்ளைச் சதை. எவ்வளவு அனுபவம் இருந்தாலும் கண்ணால் சொல்ல முடியாது, டி.என்.ஏ. பார்க்க வேண்டும். 2004 இல் அமெரிக்காவில் மினசோட்டாவில் ஒரு தொலைக்காட்சி நிலையம் உணவகங்களில் வோல்ஐ என்று விற்ற மீனை எடுத்து அப்படித்தான் சோதித்தது. கணிசமானவை ஸாண்டர் என்று தெரியவந்தது. அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ மீனே வோல்ஐதான், 1965 இலிருந்து. அங்கேயே இப்படியென்றால் பாருங்கள்.

எனக்கும் நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஏரிக்கரைப் பக்கம் ஒரு உணவகத்தில் ‘உள்ளூர் ஏரிப் பிக்கரல்’ என்று எழுதி 29 டொலருக்குக் கொடுத்தார்கள். துண்டைத் திருப்பினேன், தோலில் சாம்பல் பட்டை. பரிமாறிய பிள்ளையிடம் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து “அது பிக்கரல்தான் சேர்” என்றார். மீன் ருசியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளூர் ஏரி என்று சொல்லிக் காசு வாங்கியது பிழை. ஈரியின் கனடியக் கரையில் போர்ட் டோவர் போன்ற துறைகளிலிருந்து குளிரில் போய் வலை போட்டு இந்த மீனைக் கொண்டுவருகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மீனின் பெயருக்கு ஒரு விலை இருக்கிறது, அது அவர்களுக்குத்தான் போக வேண்டும்.

சரி, சமையலுக்கு வருவோம். சமைத்தது மாமி. அவர் பருத்தித்துறைக்காரர், மீனைத் தொட்டே குணம் சொல்லுவார். இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக வைத்தோம். காலையில் ஸாண்டர் தட்டில் நிறையத் தண்ணீர் நின்றது, பிக்கரல் தட்டில் கொஞ்சம்தான். இது மீனின் குறை என்று நான் சொல்ல மாட்டேன். டோர்ட்முண்டில் புதிதாக வாங்கிய ஸாண்டர் இப்படித் தண்ணீர் விட்டதில்லை. உறைய வைத்து, இவ்வளவு தூரம் வந்த பொதி இது. கடதாசியால் நன்றாக ஒற்றி எடுத்தால் சரியாகிவிடும்.

முதலில் பொரியல். மஞ்சள், உப்பு, தனிமிளகாய்த்தூள், கொஞ்சம் தேசிக்காய்ப்புளி தடவி, தோல் கீழே இருக்கும்படி போட்டார். தோலில் ஸாண்டர்தான் மேல். அதன் தோல் தடிப்பு. சட்டியில் சுருங்கி, பிறகு தட்டையாகி, கடித்தால் அப்பளம் போல நொறுங்கியது. ஜேர்மன்காரர் ஸாண்டரைத் தோல் பக்கம் மட்டும் வறுத்துக் கொடுப்பது சும்மா இல்லை. பிக்கரலின் தோலும் மொறுமொறுத்தது, ஆனால் மெல்லியது, ஒரு ஓரம் சட்டியோடு ஒட்டிக்கொண்டது. சதை வேறு கதை. பிக்கரல் சதை மெல்லிய இதழாகப் பிரிந்து, வாயில் வைத்ததும் ஒரு இனிப்புத் தெரிந்தது. ஸாண்டர் இறுக்கம், இதழ் பெரிது, தனக்கென்று ருசி குறைவு, தூளின் ருசியை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது.

நான் எதுவும் சொல்லாமல் இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருந்தேன். மாமி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “தம்பி, இது ரெண்டு மீன் எல்லோ? ஒண்டு விளைமீன் மாதிரி நிக்குது, மற்றது கரையுது. ஒரே மீன் எண்டு ஆர் உங்களுக்கு வித்தது?” என்று கேட்டார். பொதிகளைக் கொண்டுவந்து காட்டினேன். பின்னால் இருக்கிற எழுத்தைக் கண்ணாடி போட்டு வாசித்துவிட்டு, “முன்னால எழுதினால் என்ன குறைஞ்சு போகும்?” என்றார்.

பிறகு சொதி. தேங்காய்ப்பால், பச்சைமிளகாய், வெங்காயம், வெந்தயம். பிக்கரலை அதில் போட்டு அகப்பையால் ஒருமுறை கிண்டியதும் உடைந்துவிட்டது. சொதிக்கு ருசி இறங்கியது, துண்டு மிஞ்சவில்லை. ஸாண்டர் கடைசிவரை துண்டாகவே நின்றது. புளி விட்ட குழம்புக்கும் அதைத்தான் எடுப்பேன்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. பைக் மீனில் இருக்கிற கவர்முள் தொல்லை இரண்டிலும் இல்லை. ஆனால் பிலேயின் தலைப்பக்கம் நடுக்கோட்டில் சின்ன முட்கள் இருக்கும். ஸாண்டர் பொதியில் எடுத்திருந்தார்கள். ஈரிப் பொதியில் அப்படியே இருந்தன. 15 டொலர் வாங்கினால் அதையும் எடுத்துக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள் விரலால் தடவிப் பார்த்துப் பிடுங்கிவிடுங்கள்.

பொரித்துச் சுடச்சுடச் சாப்பிட ஈரிப் பிக்கரல், 15 டொலருக்குத் தகும். கறிக்கும் சொதிக்கும் கசக்ஸ்தான் ஸாண்டர், 11 டொலருக்கு நல்ல சாமான். எதை வாங்கினாலும் தோலோடு இருப்பதை எடுங்கள், பொதியைத் திருப்பி இரண்டாவது சொல்லை வாசியுங்கள்: விட்ரியஸா, லூசியோபெர்காவா என்று. தோல் உரித்து வெறும் ‘பிக்கரல்’ என்று மட்டும் எழுதிய மூன்றாவது பொதி ஒன்றும் அந்தப் பெட்டியில் 13 டொலருக்குக் கிடந்தது. அதை நான் எடுக்கவில்லை.