மெரூன் கார்டும் வெள்ளை விளிம்பும்: ஜிம்ப்பின் 'கலர் டு ஆல்ஃபா' பற்றி

என்னிடம் வேலை கற்றுக்கொண்டு போன தம்பி ஒருவர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணே, இப்பத்தான் ஒரே கிளிக்ல பேக்ரவுண்ட் போயிடுதே, நீங்க எதுக்கு இன்னும் ஜிம்ப்போட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீங்க?" ஜிம்ப் என்பது நான் படங்களைத் திருத்தப் பயன்படுத்தும் மென்பொருள். பேச்சில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் செய்வது கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கிரகப்பிரவேசக் கார்டுகள். ரெடிமேட் படங்கள் விற்கும் ஸ்டாக் தளங்களில் கிடைக்கும் படம் பெரும்பாலும் ஒற்றை ஜேபெக், அதாவது தனித்தனியாகப் பிரிக்காத ஒரே படம். மேலே மாவிலைத் தோரணம், இரண்டு பக்கமும் வாழைமரம், நடுவில் பிள்ளையார், கீழே குத்துவிளக்கு என்று எல்லாம் ஒரே வெள்ளைத் தளத்தில் ஒட்டிக் கிடக்கும். கார்டு கேட்கும் பார்ட்டிக்கு விளக்கும் தோரணமும் மட்டும் போதும். அதுவும் மெரூன் கார்டில் வேண்டும். அங்கேதான் வினையே.

எவ்வளவு கவனமாக வெட்டினாலும் விளக்கைச் சுற்றி முடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு வரும். வெளிர் நிறக் கார்டில் கண்ணுக்குத் தெரியாது. மெரூனில் பளிச்சென்று தெரியும். காரணம் விளிம்புப் பிக்சல்களில், அதாவது படத்தின் ஓரப் புள்ளிகளில் இருக்கிறது. சிவப்புக் குங்குமப் பொட்டு ஒன்று வெள்ளைத் தளத்தில் இருந்தால், அதன் ஓரப் பிக்சல் சிவப்பும் வெள்ளையும் கலந்து ரோஸ் நிறமாக இருக்கும். கத்தரிக்கோல் மாதிரி வெட்டுகிற எந்தக் கருவியும் அந்த ரோஸை ஒன்று முழுதாக வைத்துக்கொள்ளும், அல்லது முழுதாகத் தூக்கிவிடும். வைத்தால் வெள்ளைக் கோடு, தூக்கினால் ஓரம் கடித்துவைத்தது போல.

ஒரு நிறத்தை ஒளிபுகும்படி மாற்றும் ஜிம்ப் கருவிதான் கலர் டு ஆல்ஃபா. அது அந்தப் பிக்சலுக்குள் எவ்வளவு வெள்ளை கலந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, அந்த வெள்ளையை மட்டும் கழித்துவிடுகிறது. ரோஸ் இருந்த இடத்தில் பாதி ஒளிபுகும் அசல் சிவப்பு நிற்கும். மெரூன் மேல் வைத்தால் விளிம்பு அப்படியே கரைந்து உட்கார்ந்துவிடும். முதன்முறை ஒரு தோரணத்தில் இதைப் பார்த்தபோது திரையை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இலை இலையாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சந்தோஷம் இன்றுவரை குறையவில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். கருவி வெள்ளையை எல்லா இடத்திலும் தேடும். விளக்கின் தங்க நிறத்தில்கூடத் தேடும். வழக்கமான தங்க நிறம் சிவப்பு 212, பச்சை 175, நீலம் 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே விட்டால் அதில் 78 சதவீதம்தான் தங்கும், மீதி வழியாக மெரூன் எட்டிப்பார்க்கும். விளக்கு செம்பு நிறமாக மங்கிப்போகும். மல்லிகைச் சரம் மொத்தமும் காணாமல் போகும். பிள்ளையாரின் தந்தமும் போகும். இத்தனை வருஷமாகப் புழங்கியும், ஒவ்வொரு படத்திலும் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது.

வழி இருக்கிறது. ஒரே நிறப் பகுதியைப் பிடிக்கும் ஃபஸி செலக்டில் வெளியே இருக்கும் வெள்ளையைத் தேர்ந்தெடுத்து, க்ரோ கொடுத்து அந்தத் தேர்வை இரண்டு பிக்சல் விளக்குக்குள்ளே தள்ளி, தேர்ந்தெடுத்த இடத்துக்கு மட்டும் கலர் டு ஆல்ஃபா போட வேண்டும். விளக்கின் உடம்பு அப்படியே இருக்கும், ஓரம் மட்டும் கரையும். 2018-இல் வந்த ஜிம்ப் 2.10 பதிப்பிலிருந்து இந்தக் கருவியில் இரண்டு அளவுகோல்களும் உண்டு. ஓபாசிட்டி த்ரெஷோல்டைக் குறைத்தால் தங்கம் தப்பிக்கும். டிரான்ஸ்பரன்சி த்ரெஷோல்டைக் கொஞ்சம் ஏற்றினால் விளிம்பைச் சுற்றிச் சிதறியிருக்கும் ஜேபெக் அழுக்கு போய்விடும். அந்த அழுக்கு வேறு ஒரு தனித் தலைவலி. ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகத்தான் சுருக்குகிறது. பல ஃபைல்களில் வெளிச்சம் பிக்சலுக்குப் பிக்சல் இருந்தாலும், நிறம் நான்கு பிக்சலுக்கு ஒன்றுதான். சிவப்பு வெளியே கசிவது அதனால்தான். 2025-இல் வந்த ஜிம்ப் 3.0-இல் கலர் டு ஆல்ஃபா மாதிரி ஃபில்டர் படத்தின் லேயரோடேயே (அடுக்கோடேயே) இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திறந்து அளவை மாற்றலாம். எனக்கு அது பெரிய நிம்மதி.

ஒரே கிளிக் ஏஐ கருவிகளைக் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை, பொண்ணு போட்டோ என்றால் நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், முடியை அருமையாகப் பிரிக்கும். தோரணத்தைக் கொடுத்துப் பாருங்கள்: இலைக்கு இலை நடுவே இருக்கும் வெள்ளைச் சந்துகள் பாதிக்குப் பாதி அப்படியே நிற்கும். விளக்கையும் வாழை இலையையும் ஒரே பொருளாகச் சேர்த்துத் தூக்கிக் கொடுக்கும்.

விளக்கு இலையை மறைத்துக்கொண்டு நின்றால் எந்தக் கருவியும் முழு இலையைத் தராது, ஏனென்றால் பின்னால் இலையே கிடையாது. நம் அலங்காரங்கள் பெரும்பாலும் இடமும் வலமும் ஒன்று என்பது இங்கே கைகொடுக்கும். மறைப்பில்லாத பாதியை எடுத்துப் புரட்டிப் போட்டால் தோரணமும் ஜோடி மயிலும் முழுசாகிவிடும். ஒளி விழும் பக்கம் மாறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபாயில் (பளபளக்கும் உலோகத் தாள்) அடிக்கிற கார்டு என்றால் கதையே வேறு. ஃபாயிலை அழுத்தும் அச்சான டைக்குப் பாதி ஒளிபுகும் என்பதெல்லாம் தெரியாது, கறுப்பு அல்லது காலி. படத்தை இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கிவிட்டு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில், படத்தைக் கோடுகளாக மாற்றும் டிரேஸ் பிட்மேப் கொடுப்பேன், வளைவுகள் வழவழப்பாக வரும்.

ஆக, ஜிம்ப்பை நான் விடப்போவதில்லை. ஆனாலும் தம்பி, உங்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மனசு வரவில்லை. அச்சுக்கான நான்கு மை நிற முறையான சிஎம்ஒய்கே-யில் நேரடியாக வேலை செய்ய அதில் வழியில்லை. ஒரு தோரணத்தைச் சுத்தம் செய்கிற நேரத்தில் ஒரு கார்டே முடித்துவிடலாம். கூடக் கொஞ்சம் காசு போனாலும் லேயர் பிரித்த ஃபைலையே வாங்குங்கள். அதிலும் ஏமாற்று உண்டு. ஈபிஎஸ் (கோடுகளாக வரைந்த ஃபைல்) என்று காசு வாங்கிக்கொண்டு, உள்ளே அதே ஜேபெக்கைச் செருகி வைத்திருந்த தளம் ஒன்றில் நான் பட்டிருக்கிறேன். பேக்ரவுண்ட் இல்லாத பிஎன்ஜி என்று சொல்லிவிட்டு, காலியிடத்தைக் காட்டும் சாம்பலும் வெள்ளையுமான கட்டங்களையே படத்தோடு சேர்த்து அச்சாக வைத்திருப்பவர்களும் உண்டு. உழைத்துச் சம்பாதிக்கிறவன் வயிற்றில் அடிக்கிற வேலை அது. ஈபிஎஸ் டவுன்லோட் ஆனதும், கோடுகளை மட்டும் காட்டும் அவுட்லைன் வியூவில் திறந்து பாருங்கள். கோடுகள் இல்லாமல் ஒரே ஒரு செவ்வகம் மட்டும் தெரிந்தால், அன்றைக்கே மெயில் போட்டுப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.